ஏரோப்ளேன் போட்ட காயிதம்

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரம்பாயில் அக்கா மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏன் போனோம் என்று ஆகிவிட்டது.

ஸ்டெல்லா வீட்டிலேயே பாலர் பள்ளி நடத்துகிறாள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். ஹால் முழுக்க வண்ண அட்டை, ஜிகினாத் தூள், பசை டியூப், கத்தரிக்கோல்... கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குத் தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து கொடுக்க வேண்டுமாம். அதற்கு மாதிரி அட்டை நாங்கள் செய்து கொடுக்க வேண்டுமாம். எப்படி இருக்கிறது கதை?

உட்கார்ந்தேன். ஒட்டினேன். அட்டையை விட என் விரல்கள்தான் நன்றாக ஒட்டிக்கொண்டன.

“சின்னம்மா, பசைய கொஞ்சமா போடுங்க லா... கார்டு நீந்துது!” என்றாள் ஸ்டெல்லா.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து சரோஜா அக்கா நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை விடப் பத்து வயது மூத்தவள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எங்கள் வேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“என்னதான் கடையில வாங்கி ஒட்டுனாலும், எங்கப்பா எனக்குச் செஞ்சு அனுப்புன கார்டு மாதிரி வராது லா.”

என் கத்தரிக்கோல் நின்றது. நாற்பது வருடத்துக்கு மேலாக, தீபாவளிக்குத் தீபாவளி கேட்கிற வசனம். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வாரம் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்... இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

அந்த அட்டையைச் செய்தது அப்பா இல்லை. நான்.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம்; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட நேரம். லூபோக் சீனா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. போக வர ஒரே கேட். ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது – காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். தீபாவளிக்கு வெடி போடக் கூடாது – துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துவிடுவார்களாம். பிள்ளைகளுக்கு எல்லாமே ‘கூடாது’ மயம்தான்.

ஒன்றைத் தவிர. வானத்திலிருந்து காகிதம் விழும்!

“ஏரோப்ளேன் காயிதம் போடுது!” என்று யாராவது கத்தினால் போதும். சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவோம். காட்டில் இருப்பவர்கள் சரணடைய வேண்டும் என்று அரசாங்கம் அச்சடித்துப் போடுகிற காகிதம் அது. காட்டில் எத்தனை விழுந்ததோ... எங்கள் ரப்பர் மரங்களிலும் எங்கள் தலையிலும் ஏகத்துக்கு விழுந்தது. நல்ல காகிதம் என்பதே தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் ஆபீசில்தான் பார்க்க முடியும் என்றிருந்த எங்களுக்கு, இது பெருமாள் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்த மாதிரி.

எங்களுக்குக் கிடைத்தவற்றில் பாதி, ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெற்று. வெற்றுப் பக்கத்துக்கு ‘நல்ல பக்கம்’ என்று பெயர் வைத்திருந்தோம். அச்சடித்த பக்கம் ‘கெட்ட பக்கம்’.

கப்பல், காற்றாடி, பட்டம் – எதைத்தான் செய்யவில்லை? ஒரு தீபாவளிக்கு லயம் முழுக்க வாசலுக்கு வாசல் காகிதச் சங்கிலி கட்டினோம். அன்றைக்குப் பார்த்து வெள்ளைக்காரத் துரை சுற்றிப் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “இத்தனை குடும்பமும் சரணடைகிறதா?” என்று கிராணியாரைக் கேட்டாராம்.

அந்தச் சங்கிலி செய்யக் கற்றுக்கொடுத்தது சரோஜா அக்கா. பசைக்கு வழி கண்டுபிடித்ததும் அவள்தான். அளந்து கொடுக்கிற அரிசியில் கஞ்சிப் பசை காய்ச்சினால் அம்மா சும்மா விடுவாளா? அக்கா ரப்பர்ப் பாலை எடுத்தாள். அப்பா பால் ஸ்டோரில் மண்டோர், மேஸ்திரி மாதிரி. மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள் கொண்டுவரும் பாலை அளந்து தொட்டியில் ஊற்றும் இடம். அவர் வாளியின் அடியில் ஒட்டியிருப்பதைத் தீக்குச்சியால் வழித்து எடுத்தால் போதும். காகிதம் அப்படி ஒட்டும்! ஆனால் வாசம் போகாது. அப்பாவின் சட்டை, கை, தலையணை எல்லாவற்றிலும் அதே புளித்த வாசம்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள், நீலத்துக்குத் துணி நீலம், சிவப்புக்குக் குங்குமம், மினுமினுப்புக்கு சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். இப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒரு ராஜ்ஜியமே நடத்திக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அக்கா போய்விட்டாள்.

சவரிமுத்து அத்தான் மலாக்கா–லூபோக் சீனா பஸ்ஸில் கண்டக்டர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். அக்கா அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். கட்டிக்கொண்டு தஞ்சோங் கிளிங்குக்குப் போய்விட்டாள். அப்பா கத்தவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று இரண்டே வரி சொன்னார்.

“இனிமே அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. இந்த வீட்டுலேருந்து யாரும் அவளுக்கு ஒரு காயிதம் போடக் கூடாது. போட்டா கைய ஒடிச்சிருவேன்.”

எங்கள் பக்கத்தில் காயிதம் போடுவது என்றால் கடிதம் எழுதுவது. ஏரோப்ளேன் ஊருக்கெல்லாம் காயிதம் போட்டது. நாங்கள் மட்டும் ஒருத்திக்குப் போடக் கூடாது.

தஞ்சோங் கிளிங் எவ்வளவு தூரம்? அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். எங்களுக்கு அது கப்பல் ஏறிப் போகிற ஊர் மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடத் தீபாவளிக்கு நான் தனியாகச் சங்கிலி ஒட்டினேன். பாதியில் அழுகை வந்து விட்டுவிட்டேன். அம்மா வழக்கம்போல அச்சு முறுக்கு சுட்டாள். அக்காவின் பங்கை ஒரு டின்னில் போட்டு மூடி வைத்தாள். அது நமத்துப் போகும்வரை யாரும் திறக்கவில்லை.

பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் அம்மாவுக்கு வேலியோரம் ஏதாவது வேலை இருக்கும். எங்கள் முச்சந்தியைத் தாண்டும்போது அத்தான் இரண்டு தடவை மணி அடிப்பார். அக்கா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. எப்படியோ எங்களுக்குப் புரிந்தது. ஒரு நாள் மணி விடாமல் அடித்துக்கொண்டே போனது. அம்மா வேலியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். குழந்தை பிறந்திருக்கிறது!

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, “அந்த பஸ்ஸுல பெல்லு ரிப்பேரு போல” என்றார். அவ்வளவுதான். சோற்றில் கை வைத்தவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

இரண்டாவது தீபாவளி வந்தது. எனக்கு வயது பத்து. இனி என்னால் முடியாது என்று ஆகிவிட்டது. அக்கா வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்பா சொன்னதை வக்கீல் மாதிரி யோசித்தேன். காயிதம் போடக் கூடாது. சரி. நான் ஓர் எழுத்துகூட எழுதாமல் படம் மட்டும் ஒட்டினால் அது எப்படிக் காயிதம் ஆகும்?

ஏரோப்ளேன் காகிதம் ஒன்றை எடுத்து, நல்ல பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்தேன். ஈயத்தாளில் குத்துவிளக்கு வெட்டினேன். சுடருக்குச் சிவப்பு மஞ்சாடிக் கொட்டைகள். அவசரத்தில் பாலை அதிகமாக வைத்துவிட்டேன். கொட்டைகள் வழுக்கி, விளக்கு ஒரு பக்கமும் சுடர் ஒரு பக்கமுமாக நின்றது. உள்பக்கத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் கையில் புரளுகிற எழுத்தை யார் படிக்கிறார்கள்? பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நீங்கள் படித்ததுண்டா?

பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போக அம்மாவோடு பஸ்ஸில் ஏறினேன். இறங்கும்போது அட்டையை அத்தானின் தோல் பைக்குள் திணித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பாவுக்குத் தெரியுமா புள்ள?”

பயத்தில் தலையை ஆட்டினேன். நம் ஆட்களின் தலையாட்டல் இருக்கிறதே... அது ஆமாம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும். அத்தானுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்துபோனது. நான் குதித்து ஓடிவிட்டேன்.

தீபாவளிக் காலை. கேட்டில் காவல் முறை அப்பாவுக்கு. தோட்டத்து ஆண்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு முறை வைத்துக் காவல் நிற்பார்கள். ஹோம் கார்டு என்று பெயர். நல்ல நாள் அன்று யாருக்கும் நிற்க மனசில்லை. அப்பாதான் “நான் பாத்துக்குறேன், நீங்க போங்க” என்று வாங்கிக்கொண்டாராம். அவருக்கு வீட்டில் என்ன தீபாவளி?

நான் காப்பி கொண்டு போயிருந்தேன். முதல் பஸ் வந்து முச்சந்தியில் நின்றது. அக்கா இறங்கினாள்.

இடுப்பில் குழந்தை. இன்னொரு கையில் என் அட்டை. அதை முன்னால் நீட்டிப் பிடித்தபடியே நடந்து வந்தாள். பஸ் போகவில்லை. அத்தான் படியில் நின்றுகொண்டு மணி அடிக்க மறந்திருந்தார். உள்ளே இருந்த ஜனம் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

கேட்டுக்கு வெளியே அக்கா நின்றாள்.

“நீங்க அனுப்புனத எடுத்துக்கிட்டு வந்துட்டேன்ப்பா.”

அப்பா அட்டையை வாங்கினார். விளக்கைப் பார்த்தார். பிரித்தார். முணுமுணுப்பாக எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்போதுதான் அந்தக் கெட்ட பக்கம் என் காதில் விழுந்தது. சொல்லுக்குச் சொல் நினைவில்லை. ஆனால் சாரம் இதுதான். வெளியே வந்துவிடுங்கள். உங்கள் குடும்பம் காத்திருக்கிறது. இந்தத் தாளைக் காவலில் இருப்பவரிடம் காட்டினால் யாரும் உங்களைத் துன்புறுத்த மாட்டார்கள். சாப்பாடும் மருந்தும் கிடைக்கும். கூட்டாளிகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வரலாம்.

அப்பா அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான், என் கை போயிற்று என்று நினைத்தேன். ‘நான் அனுப்பல’ – இந்த இரண்டு சொல் போதும். அக்கா அப்படியே திரும்பி பஸ் ஏறிவிடுவாள். அப்புறம் எந்தத் தீபாவளிக்கும் வரமாட்டாள்.

“கவர்மெண்டு காயிதம்...” என்றார் அப்பா. கனைத்துக்கொண்டார். “நான் என்ன செய்ய முடியும்? சாப்பாடு போடணும்னு போட்டுருக்கு.”

கேட்டைத் திறந்தார். அக்கா உள்ளே வந்ததும், பஸ் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்:

“கூட்டாளியையும் கூட்டியாரலாம்னு போட்டுருக்கு. டூட்டி முடிஞ்சதும் வரச் சொல்லு.”

பஸ் மணி அடிக்க ஆரம்பித்தது பாருங்கள்... நிற்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா என் காதில் சொன்னாள். “அப்பாவுக்கு நேராப் பேச வராதுல்ல, அதான் கவர்மெண்டு பேப்பர்ல சொல்லி அனுப்பியிருக்காரு. பிரிச்சதுமே அப்பா வாசம் அடிச்சுது சின்னி. பால் வாசம்!”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சிரித்தாள். “ஒட்டியிருக்கறத பாரேன், கோணல்மாணலா! நீ ஒட்டுனா இப்படியா இருக்கும்?”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் கைவேலைக்கு இப்படி ஒரு பாராட்டு வேறு!

அப்பா அதைப் பற்றி என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் படித்து, வேலை கிடைத்து ஈப்போவுக்குப் போனேன். பத்து வருடம் அங்கே இருந்தேன். தபால்காரர் வந்தால் முதலில் உறையின் மேல் கையெழுத்தைத்தான் பார்ப்பேன். அம்மா யாரையாவது எழுதச் சொல்லிப் போடுவாள். அப்பா எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். தெரிந்தும் பார்ப்பேன். இப்போது அவர் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது... எப்போதாவது கனவில் அந்தப் புளித்த வாசம் வரும், விழித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அக்காவிடம் அப்பா அனுப்பிய அட்டை ஒன்று இருக்கிறது. அவர் அனுப்பாத அட்டை. அதைச் செய்த என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஒட்டிய அட்டையின் மேலேயே எனக்குப் பொறாமை என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், உண்மை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா என்னைக் கேட்டாள்:

“சின்னம்மா, தாத்தா செஞ்ச அந்தக் கார்ட நீங்க பாத்துருக்கீங்களா?”

அன்றைக்கு அக்காவின் இடுப்பில் இருந்துகொண்டு, அப்பாவின் கைப்பட்டையைப் பிடித்து இழுத்தவள் இவள்தான். அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். பத்து வயதில் ஆட்டிய அதே ஆட்டல். அவரவருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் யாருக்கும் தெரியாமல் என் விரலில் ஒட்டியிருந்த பசையை மோந்து பார்த்தேன். இந்தக் காலத்துப் பசைக்கு வாசமே இல்லை.

அக்கா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. புக்கிட் ரம்பாய் வாசகர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்... அவளுக்கு யாரும் காயிதம் போட்டுவிடாதீர்கள்!