வெயிட்டிங் லிஸ்டில் இரண்டாவது பெயர்

முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனிடம் வந்து, வெயிட்டிங் லிஸ்ட் நேர்மையானது என்று சொன்னால் நம்புவானா? நான் நம்பவில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். சொந்தத்தில் யாருடையதும் பொருந்தவில்லை. எனக்கோ சர்க்கரை. இறந்தவர்கள் தரும் உறுப்புக்காக அரசாங்கப் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை தவறாமல், ஆஸ்பத்திரியில் உறுப்பு தான வேலைகளைக் கவனிக்கும் பெண்ணுக்குப் போன் செய்வேன்.

"எத்தனாவது நம்பர்லம்மா இருக்கோம்?"

"அப்படி ஒரே நம்பரா சொல்ல முடியாதுங்க சார். என்ன பிளட் குரூப் வருது, எந்த ஆஸ்பத்திரியில வருது, யாரு எவ்வளவு நாளா காத்திருக்காங்க, எல்லாம் பார்த்துத்தான் வரிசை வரும்."

இடத்துக்குத் தகுந்தபடி மாறும் வரிசை! அதன் லட்சணம் எனக்குத் தெரியாதா? 'சார்ட் போட்டாச்சு, என் கையில ஒண்ணுமில்லீங்க' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். சொல்லும்போதே என் கையில் ஒரு காலி பெர்த் இருக்கும். ஒருமுறை திருச்சியில் ஏறிய ஒருவர் ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சென்னையில் டாக்டரைப் பார்க்கப் போவதாகவும், வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் தன்னுடையதுதான் என்றும் சொன்னார். "லிஸ்ட்ல வரலீங்க" என்றேன். அவருக்கு வரவேண்டிய இடத்தை ஓர் அதிகாரியின் மைத்துனருக்கு வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கதவோரம் துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

போன வருஷம் ஒருநாள் காலை, மனைவி இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது.

"அம்மாவுக்குச் சாப்பிட ஒண்ணும் கொடுக்காதீங்க சார், உடனே கிளம்பி வாங்க. ஒரு கிட்னி கிடைக்கும்போல இருக்கு. ஆனா நீங்க ரெண்டாவது. முதல்ல இருக்கவங்களுக்குப் பொருந்தலைன்னாதான் உங்களுக்கு."

ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த முதல் பெயர் உட்கார்ந்திருந்தது. இருபத்தைந்து வயதுப் பையன், மெலிந்து கறுத்த முகம். பக்கத்தில் அவனுடைய அப்பா, கைலாசபுரம் பேக்டரிக் குடியிருப்புக்காரர், ஷிப்டிலிருந்து நேராக வந்த பேக்டரி உடுப்பில் இருந்தார். என் மனைவியையும் பையனையும் அழைத்துப் போய் ரத்தம் எடுத்தார்கள். கொடுப்பவருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்களாம். முடிவு தெரிய மத்தியானம் ஆகும் என்றார்கள். அந்த வழியாக வந்த பெரிய டாக்டர் பையனின் அப்பாவைப் பார்த்ததும் நின்று, தோளில் கைவைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். சரிதான், இவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

நேராக அந்தப் பெண்ணின் அறைக்குப் போனேன்.

"அந்த லிஸ்டைக் கொஞ்சம் காட்டும்மா."

"காட்டக் கூடாதுங்க சார். வரிசை நாங்க போடுறதில்ல, சென்னையிலேருந்து வருது. எங்க கையில ஒண்ணுமில்லீங்க."

"நானும் முப்பத்தஞ்சு வருஷம் இதைத்தாம்மா சொன்னேன்."

அவளுக்கு விளங்கவில்லை. நானும் விடவில்லை. கொடுக்கிறவர் நிஜமாகவே இறந்துவிட்டாரா, மூச்சு இருக்கும்போதே எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"மூளைச்சாவுங்க சார். மூளை மொத்தமா செத்துப்போச்சு. மெஷின் ஓடுறதாலதான் நெஞ்சு ஏறி இறங்குது. நாலு டாக்டருங்க, ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்கள்ல யாரும் இந்த ஆபரேஷன் பண்றவங்க இல்ல. அதுக்கப்புறம்தான் வீட்டுக்காரங்ககிட்டயே கேட்டாங்க. அவங்க யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

பின்னாலேயே வந்து நின்ற மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, எந்த வீட்டுலயோ இப்ப அழுதுக்கிட்டு இருப்பாங்க. நீங்க இங்க வந்து டிக்கெட் செக் பண்றீங்களா?"

பெஞ்சுக்குத் திரும்பினேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்குப் பொருந்தக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எதிரே அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் வேண்டினேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் டாக்டர் வந்தார். மறுபடி அந்த அப்பாவின் தோளில் கைவைத்தார். "இந்தத் தடவையும் ஒத்துக்கலீங்க. ஏற்கெனவே நிறைய ரத்தம் ஏத்தியிருக்கறதால அவன் உடம்பு எதிர்க்குது" என்றார். அப்பா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் என் மனைவியை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். போகும்போது அவள் அந்தப் பையனின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து பையனின் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்கு இது மூணாவது தடவைங்க சார். மூணு தடவையும் கூப்பிட்டாங்க, மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க."

டாக்டருக்கு அவரைத் தெரிந்திருந்தது இதனால்தான். ஒவ்வொரு முறையும் அந்தத் தோளைத் தொட்டு 'இல்லை' என்று சொன்ன கை அது. அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரயில்வேயில இருந்தீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. மேல யாரையாவது தெரியுங்களா சார் உங்களுக்கு?"

அதில் கோபம் இல்லை. தெரிந்தால் தன் மகனுக்கும் ஒரு வழி பிறக்குமா என்றுதான் கேட்டார். சிபாரிசில்லாமல் வந்தது என்று காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

"யாரையும் தெரியாதுங்க. லிஸ்ட்ல வந்தது" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் குரல் அந்த ரயில் குரலாகவே வந்தது. அவர் தலையை ஆட்டினார். ஸ்கேன் கவர்க்காரரும் இப்படித்தான் ஆட்டினார். மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மனைவி இப்போது வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். நான் இன்னமும் திங்கட்கிழமை போன் செய்கிறேன், அந்தப் பையனுக்குக் கிடைத்ததா என்று கேட்க.

"மத்தவங்க விஷயம் சொல்லக் கூடாதுங்க சார்" என்கிறாள் அந்தப் பெண்.

எனக்காக ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்றிருக்கிறது. எனக்காக விதியை மீறிச் சொல்லிவிட்டால் அந்த லிஸ்டை நான் மறுபடி நம்ப மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமையும் கேட்பேன்.