ஓர் இனம் இரண்டாக எவ்வளவு காலம்?

கற்பிட்டி பஸ்ஸில் ஃபோனில் ஒரு வண்ணத்துப்பூச்சி இனம் இரண்டாகப் பிரிந்தது பற்றிய வீடியோ ஒன்று பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த, அக்கா வயது ராத்தாவும் எட்டிப் பார்த்தார்.

"ஒரு இனம் எப்பிடி தங்கச்சி ரெண்டாகும்?"

"நடுவுல கடல் வந்து பிரிச்சா, ரெண்டு பக்கமும் மரபணு கொஞ்சம் கொஞ்சமா மாறும். பிறகு சந்திச்சாலும் ஜோடி சேராது ராத்தா."

"அதுக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?"

"லட்சக்கணக்கான வருஷம்."

ராத்தா சிரித்தார்.

"நாங்க தொண்ணூறாம் வருஷம் முஸ்லிம்கள வெளியேத்தினப்ப மன்னார்ல இருந்து இடம்பெயர்ந்து வந்த ஆக்கள். மகள் பொறந்ததே புத்தளத்துல. நேத்து அவளுக்குப் பேசின மாப்பிள்ள வீட்டுல, 'நீங்க வேற ஆக்கள்' எண்டு சொல்லி சம்மந்தத்த வேணாம் எண்டுட்டாங்க. அவங்களும் எங்களப் போல முஸ்லிம்தான்."

மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

புத்தளத்தில் எங்கள் தெருதான்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு நடுவில் கடல் இருந்தது. எங்கள் தெருவில் நடுவில் இருப்பது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.