அறுநூற்றில் தொடங்காத ஊர்

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் உப்பா, மழைக்குத் தெருவில் முழங்கால் வரை நிற்குமா, பக்கத்தில் மருந்துக் கடை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். நாங்கள் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது மெட்ராஸா, இல்லையா?" தரகர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். மெட்ராஸ்தான் என்று சொன்னால் எங்களுக்கு மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்து, "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க, கோயம்பேடு இங்கேர்ந்து பத்தே நிமிஷம்" என்று சத்தியம் செய்தார்கள். சென்னைக்கு மேற்கே எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் கோயம்பேடு பத்தே நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பிக் கிளம்பியவர்கள் இன்னும் மதுரவாயலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தோம். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மாற்றல். எனக்கு வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டைப் பிடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரியம். அதை மாதக்கணக்கில் இழுத்தவர் என் அப்பா. அவர் இருந்ததோ தென்காசியில்.

அப்பா ஓய்வு பெற்ற சப் போஸ்ட்மாஸ்டர். அம்மா போனதிலிருந்து தனியாக இருந்தார். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னதே ஒரு வாரம் கழித்துத்தான், அதுவும் சிரித்துக்கொண்டு. "சும்மா கெடப்பானேன்னு சொவத்துல எத்தன பல்லி இருக்குன்னு எண்ணிப் பாத்தேம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பாவை எப்படியாவது எங்களோடு கொண்டுவந்துவிட வேண்டும், அவர் வராத வீடு அரண்மனையானாலும் வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

"எங்க வேணாலும் வாரேன். மெட்ராஸுக்கு மட்டும் கூப்பிடாத. அந்த மண்ண மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்" என்றார் அப்பா.

சத்தியத்துக்குக் காரணம் இதுதான். நாற்பது வயதில் இலாகாப் பயிற்சிக்காக அவர் ஒருமுறை சென்னைக்கு வந்தார். புதுப் பேன்ட், மீசைக்கு மை, கையில் கடன் வாங்கிய சூட்கேஸ். எழும்பூரில் பஸ் ஏறியதும் கண்டக்டர் அவரைப் பார்த்து, "பெருசு, அப்டியே உள்ள நகுரு" என்றாராம். அவ்வளவுதான் நடந்தது. அப்பா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பயிற்சி முடியும்வரை வெயிலில் நடந்தே போய்வந்து, ஊர் திரும்பியதும் சத்தியம் செய்துவிட்டார். அம்மா இருந்தவரை வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா ஒரு நாளும் சிரித்ததில்லை.

"சரி, மெட்ராஸ் பக்கத்துல மெட்ராஸ் இல்லாத ஊரா ஒண்ணு பாத்துக்கலாம், இதென்ன பிரமாதம்" என்றார் என் கணவர். அவருக்கு எதுவுமே கஷ்டமில்லை. கஷ்டத்தையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

முதலில் அம்பத்தூர் பார்த்தோம். வீடு நன்றாகவே இருந்தது. கணவர் கம்பெனிக்கு நடந்தே போகலாம். வீடியோ காலில் அப்பாவுக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. வண்டியின் பக்கவாட்டில் பெருநகர சென்னை மாநகராட்சி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. போனை உள்பக்கம் திருப்புவதற்குள் அப்பா படித்துவிட்டார். "குப்பையே மெட்ராஸ் குப்பைல்லா" என்றார். அம்பத்தூர் அத்தோடு போயிற்று.

அடுத்து ஆவடி. இந்த முறை நான் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பை வண்டியைத்தான் போய்ப் பார்த்தேன். ஆவடிக்குத் தனி மாநகராட்சி, தனிக் குப்பை. "ஆவடி பட்டாளத்து ஊருல்லா, ஒழுங்கா இருக்கும்" என்று அப்பாவும் இறங்கி வந்தார். எனக்கு மூச்சு வந்தது. தரகர் கமிஷன் பேச வாயைத் திறந்த நேரத்தில் போனுக்குள்ளிருந்து, "அது சரி, பின்கோடு என்ன?" என்று சத்தம் வந்தது. பின்கோடு விஷயத்தில் போஸ்ட்மாஸ்டரை ஏமாற்றப் பார்ப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. உள்ளதைச் சொன்னேன். "அறுநூறுல ஆரம்பிச்சா மெட்ராஸ். எங்கிட்டயே விளையாடுதியா?" என்று போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஊரைத் தேடவில்லை, எண்ணைத்தான் தேடினோம். மாங்காட்டில் அம்மன் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் ஒரு வீடு. மாவட்டமே வேறு, காஞ்சிபுரம். ஆனால் பின்கோடு அறுநூறு. வேலப்பன்சாவடி அறுநூறு. சென்னீர்குப்பம் அறுநூறு. என் கணவர் பெங்களூர் ரோட்டில் காரை விட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போய்ப் பாக்கலாம், மாறிடும்" என்பார். ஒவ்வொரு 'இன்னும் கொஞ்ச'த்துக்கும் ஒரு டீக்கடை, ஒரு பஜ்ஜி. ஸ்ரீபெரும்புதூர் கிட்டப் போய்த்தான் அறுநூற்றிரண்டு வந்தது. அங்கிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போய் வருவதானால் அவர் முதல் நாள் சாயங்காலமே கிளம்ப வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் போனா பெங்களூரே வந்துரும். அங்கயே மாற்றல் கேட்டு வாங்கிக்குங்க" என்று கத்தினேன். அவர் வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும் வழியில், பூந்தமல்லிக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று பிரேக் போட்டு இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்து எதையோ படம் பிடித்தார். மைல்கல். சென்னை என்று எழுதி, கீழே கிலோமீட்டர் போட்டிருந்தது. அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டார்.

"மாமா, இந்த எடமே சென்னைன்னா, சென்னைக்கு இத்தனை தூரம்னு எதுக்குங்க கல்லு நட்டு வெச்சிருக்காங்க?"

"கல்லு ஒண்ணு சொல்லுது, பின்கோடு ஒண்ணு சொல்லுது. நானே வந்து விசாரிக்கேன்" என்றார் அப்பா.

வருவதிலும் சட்டம் உண்டு. எழும்பூரில் இறங்க மாட்டார். தாம்பரமும் அறுநூறு என்பதால் அங்கேயும் மாட்டார். செங்கல்பட்டில் இறங்கினார். கணவர் போய்க் காரில் அழைத்து வந்தார். வண்டலூர் வந்ததிலிருந்து அப்பா காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். கார்தானே மாமா மிதிக்குது என்று கேட்டதற்கு, எதுக்கு வம்பு என்றாராம்.

பூந்தமல்லியில் இறங்கியதும் நேரே ஒரு டீக்கடைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏய்யா, இது மெட்ராஸா?" என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்.

"மெட்ராஸா? அது அந்தாண்ட கீது நைனா. இது பூந்தமல்லி. மெட்ராஸ் போணும்னா தோ, அந்த பஸ்ஸுல ஏறிக்கினு போணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். "இன்னாத்துக்கு நைனா மெட்ராஸு? ஒரே டிராபிக்கு, பேஜாரு. பேசாம இங்கயே இரு."

உள்ளூர்க்காரர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் இரண்டாவது பஜ்ஜியை மென்றுகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போலிருந்தது. அப்பாதான் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் பார்க்கப் போன வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், மாடியில். வீட்டுக்காரர் ஒரு பாய். கீழே பீரோ கடை வைத்திருந்தார். அப்பா படி ஏறும்போதே ஆரம்பித்தார். படி உசரம். சமையல்கட்டு மூலை சரியில்லை. ஜன்னலில் காக்காய் வந்து உட்கார இடமில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது, அதுவும் குறை. பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"மொத்தம் எத்தினி பேரு சார்?" என்றார்.

"மூணு பேரு" என்றேன் நான்.

"ரெண்டு பேரு" என்றார் அப்பா. "நான் சும்மா வீடு பாக்க வந்தவன் பாய். நாளைக்கு எனக்கு ரயிலு."

அவரைக் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனேன். "யப்பா, மெட்ராஸ் இல்லன்னு ஆயிட்டுல்லா? இன்னும் என்ன?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெட்ராஸ் கெடக்கு கழுத. மக வீட்டுல போய் உக்காந்து எப்படிம்மா திம்பேன்? எங்கப்பா பொண்ணக் குடுத்த வீட்டுல ஒரு வேளைக்கு மேல கை நனைச்சதில்ல. நாலு பேரு என்ன பேசுவாவ?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை மாதம், இத்தனை ஊர், இத்தனை பின்கோடு, எல்லாமே இதை மூடி வைக்கத்தானா? "அந்த நாலு பேரும் நீங்க விழுந்து கெடந்தப்போ எங்க போயிருந்தாவ?" என்று கத்திவிட்டேன். கீழே பீரோவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில்லாத அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே என் கணவர் பாயிடம் பேசுவது கேட்டது.

"வீடு எங்களுக்கில்லீங்க பாய். மாமாவுக்குத்தான். அவரு குடி வர்றாரு. நாங்க ரெண்டு பேரும் அவருகூட வந்து ஒண்டிக்கறோமுங்க."

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ நீங்க ஊட்டோட மாப்ளயா?"

"ஆமாங்க."

"ரோசம் கீசம் வராதா சார்?"

"சின்ன வயசுலருந்தே எனக்கு அது கொஞ்சம் கம்மிங்க."

அப்பா பதறிக்கொண்டு உள்ளே ஓடினார். "மாப்ள! என்ன பேச்சு பேசுதீங்க? உங்க வீட்டுல கேட்டா என்ன நெனைப்பாவ?"

"எங்க வீட்டுல என்னைய எதுக்கும் யாரும் கேக்கறதில்லீங்க மாமா" என்றார் கணவர். முகத்தில் சிரிப்பே இல்லை. "நீங்க எங்களை வெச்சுக்கறீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா சொல்லிடுங்க, நாங்க வேற போக்கிடம் பாக்கணும்."

அப்பா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் சாவியை நீட்டிக்கொண்டே, "யாராவது ஒருத்தர் வாங்கிக்குங்க. தொழுகைக்கு நேரமாச்சு" என்றார். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"வாடகை என் பென்ஷன்லதான்" என்றார்.

"பின்ன? உங்க வீட்டுக்கு நாங்களா குடுப்போம்?" என்றார் என் கணவர்.

அன்றிலிருந்து அது அப்பா வீடு. வாசலில் அவர் பெயர். காய்கறி, மளிகை நாங்கள் வாங்கி வந்தால், வெறுங்கையோடு வரக் கூடாதென்று வாங்கி வந்ததாக எடுத்துக்கொள்கிறார். ரோஷம் இல்லாத என் கணவர்தான் மாட்டிக்கொண்டார். பனியனோடு உட்கார முடியவில்லை. மாமனார் நிற்கும்போது எப்படி உட்காருவது என்று இவர் நிற்கிறார். மாப்பிள்ளை நிற்கும்போது எப்படி உட்காருவது என்று அவர் நிற்கிறார். டிவிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றுகொண்டே கிரிக்கெட் பார்க்கிறார்கள். சாப்பிடும்போது அப்பா, "கூச்சப்படாதீங்க மாப்ள, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று இன்னொரு கரண்டி போடுகிறார்.

போன மாதம் கணவர் வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். கோயம்புத்தூருக்குக் காரில் கிளம்பினோம், இரண்டு நாளில் திரும்பிவிடுவோம். அப்பா வாசல் வரை வந்தார். வழிக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் திணித்தார். உள்ளே ஒரு முழம் மல்லிகை.

"கெளம்பும்போது உங்கம்மா குடுப்பாள்லா. வச்சுக்கோ. போயிட்டுச் சீக்கிரம் வாங்க."

அம்மா போன அன்றைக்கே எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். காரில் ஏறிப் பூவை வைத்துக்கொண்டேன். அடுத்த ஊரான திருமழிசைகூட வரவில்லை, அழ ஆரம்பித்துவிட்டேன். கணவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டி, "என்னாச்சு, எதாவது மறந்துட்டியா?" என்றார். பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது பெண்கள் அழத்தான் செய்வார்கள், பேசாமல் ஓட்டுங்கள் என்றேன்.