கண்ணால் போட்ட கிரேடு

ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் ஒரு கேள்வி மட்டும் பழகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனைக்காக எனக்கு ரத்தம் எடுக்கும் நர்சம்மா, காபிக்குச் சர்க்கரை எத்தனை என்கிற குரலில், "இந்த முறை எத்தனை ஆண்கள்? ஆணுறை எப்போதுமா, சில நேரமா?" என்பார். என் எண்ணிக்கை அவருக்கு எப்போதும் ஏமாற்றம்தான். ஐம்பது வயதுக்காரன்மேல் அத்தனை நம்பிக்கை. ஊரில் எப்படிப் பாதுகாத்துக்கொண்டீர்கள் என்று ஒருதடவை கேட்டார். "நல்ல குடும்பத்து ஆளாகப் பார்த்து" என்றேன். "குடும்பத்தையும் பரிசோதித்தீர்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆம்பூர் டேனரியில் நானும் தேவாவும் தோல் தரம் பிரிப்பவர்களாக இருந்தோம். எங்களுக்குள் இருந்ததற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. இருவருக்கும் வேறு ஆண்களும் உண்டு. அவர்களையும் தோல் மாதிரியே பார்த்தோம். மேனி சுத்தம், கல்யாணமானவன், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவன் என்றால் ஏ கிரேடு. அவனிடம் ஆணுறை நீட்டுவது மரியாதைக் குறைவு. எய்ட்ஸ் லாரிக்காரர்களுக்கு வருவது என்பது எங்கள் ஆராய்ச்சி முடிவு.

போன விடுமுறையில் பார்த்தபோது தேவா பாதியாக இளைத்திருந்தான். இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். டெஸ்ட் எடு என்றேன்.

"இன்னாடா, ஃபாரின்லேர்ந்து வந்து பேஜார் பண்ற? கல்யாணமாயி பதினெட்டு வருஷம் ஆவுது. கண்டவன்கிட்ட போறவனா நானு?"

"முடியோட இருக்கற ஆட்டுத்தோலப் பாத்து கிரேடு போடுவியா?"

"எவன்டா போடுவான்? சுண்ணாம்புல ஊறி முடி போனாத்தான அம்மைத் தழும்பே தெரியும்."

சொன்னவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் மனைவி பெயரைச் சொல்லி, "எஸ்தருக்கும் பாக்கணுமா?" என்றான்.

"மொதல்ல உனக்கு. இருந்தா தெனம் மாத்திர, அவ்ளோதான். வராம இருக்க நானே தெனம் ஒன்னு முழுங்கறேன்."

ஆம்பூரில் தெரிந்த முகம் ஜாஸ்தி. வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனைக்குப் போகிறேன் என்றான். ஆனால் என் பரிசோதனை நாளில்தான் போவானாம்; நான் போனில் கூடவே இருக்க வேண்டுமாம்.

இன்று அந்த நாள். ஒரு காதில் இயர்போனோடு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். வாலாஜாபேட்டையில் மின்விசிறி கடகடத்தது.

"ரத்தம் எடுத்துட்டாங்கடா. ரிசல்ட்டுக்கு உக்காரச் சொன்னாங்க. லைன்லயே இரு."

யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட, நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

நர்சம்மா பஞ்சை வைத்து அழுத்தினார். "முடிந்துவிட்டது. முஷ்டியைத் திறக்கலாமே" என்றார்.

எனக்குத் திறக்க வரவில்லை. அங்கே இன்னும் முடியவில்லை.