சுழி பார்க்காத கம்பவுண்டர்

எரிச்சல் வந்தால் கம்பவுண்டர் துரைசுவாமி குடுமியை அவிழ்த்து, உதறி, மறுபடி முடிந்துகொள்வார். காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை.

பாலக்காட்டுக் கல்பாத்தி மனிதர். இருபது வருஷமாக மாட்டு ஆஸ்பத்திரி உத்தியோகம். சாணிக்கறை படாத வேஷ்டி அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. மாட்டிடம் பரம சாது. “அம்மாடி, செத்த நில்லு, ஆச்சு ஆச்சு” என்று கொஞ்சிக்கொண்டேதான் ஊசி போடுவார். மாட்டுக்குச் சொந்தக்காரர்களிடம்தான் அவருக்குப் பொறுமை போதாது.

ஆடி வெள்ளம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரின் மாடுகளையெல்லாம் கட்டுத்தறியோடு முக்கிவிட்டுப் போயிருந்தது. சர்க்கார் பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிக் கொடுத்த பதினோரு கறவைகளை வெயிலில் நடத்திக்கொண்டு வந்து சேர்த்தார் துரைசுவாமி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த ஊர்க்காரர்கள் பல்லையும் பார்க்கவில்லை, மடியையும் பார்க்கவில்லை. முதுகு மயிரைக் கோதிக் கோதிச் சுழி பார்த்தார்கள். இது விரிசுழி, அது விலங்குச் சுழி, குடும்பத்துக்கு ஆகாது என்று மதியம்வரை இழுத்தடித்து, ஒருவழியாகப் பத்து மாடுகள் போயின.

மிஞ்சிய ஒன்று, குப்பண்ணன் என்பவனின் பங்கு. வேளைக்கு மூன்று படி கறக்கும் மாடு. ஆனால் பெண்டிழந்தான் சுழி. வைத்திருப்பவனுடைய பெண்டாட்டி போய்விடுவாளாம்.

“வேண்டாமுங்க சாமி.”

“வெள்ளத்துல முங்கின உம்ம மாடு மூணுக்கும் என்ன சுழி ஓய்?”

“மூணும் ராசியான சுழிங்க.”

“அது காப்பாத்தித்தோ?”

“மாடுகதானுங்க போச்சு. நாங்க இருக்கறமில்லீங்க?”

பத்தாவது முறையாகக் குடுமி அவிழ்ந்தது.

வேண்டாம் என்றால் நாளைக்கே இந்த மாடு அடுத்த ஊருக்குப் போய்விடும், வேறு வராது. பக்கத்துச் சித்தூர்க் காப்பிக் கடைகளுக்குப் பால் ஊற்றிப் பிழைத்த குடும்பம், ஒரு மாதமாகக் கஞ்சித்தொட்டியை நம்பிக் கிடக்கிறது. பாழாய்ப்போன மனுஷன், பெண்டாட்டிமேல் இருக்கும் பிரியத்தை இப்படியா காட்டுவது என்று துரைசுவாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண்டாட்டி கருப்பாத்தாள், அதுவரை வேலியோரம் நின்று மடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், முன்னால் வந்தாள்.

“ஏனுங் சாமி, மாட்டுக்காரனோட பொண்டாட்டிக்குத்தானுங்களே ஆகாது? எம் பேர்ல எழுதுங்க. மாட்டுக்காரி நானு. எனக்கேதுங்க பொண்டாட்டி?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குப்பண்ணன் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினான்.

“இப்படியும் ஒரு அசட்டு ஊர் உண்டோ! குடும்பத் தலைவன் பேர்லதான் எழுதணும்னாக்கும் சட்டம்!” என்று கத்திக்கொண்டே, பதிவேட்டில் குப்பண்ணன் பெயரை அடித்துவிட்டுக் கருப்பாத்தாள் என்று எழுதினார் துரைசுவாமி. கயிற்றை அவள் கையில் கொடுத்தார். புதுக் கைக்கு மாடு மிரண்டு திமிறவே, பிடித்துக் கொடுக்கலாமென்று குப்பண்ணன் கயிற்றுக்குக் கை நீட்டினான்.

“நீர் தொடாதேயும் ஓய்!” என்று பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார் துரைசுவாமி.