பரண் மேல் இருந்த சுக்கான்

பரண் மேல், கேவுரு மூட்டைகளுக்குப் பின்னால், படகின் சுக்கான் இல்லை. அதைச் சுற்றி வைத்திருந்த யூரியா சாக்கு மட்டும் நான்காக மடிக்கப்பட்டுக் கிடந்தது. ஸ்டூலின் மேல் நின்றபடி அந்தச் சாக்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கை நீளப் பலகை, சாக்கு மடிப்புக்குள்ளா ஒளிந்துகொள்ளும்? பொம்மிடியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டு, விடியற்காலையில் பஸ் ஏறித் தர்மபுரியில் மாறி, இன்று எட்டரை மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீடு அண்ணனுடையது. அது பூட்டியிருந்தது, சாவி என் ஜன்னல் கம்பியில் தொங்கியது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். என் வீட்டுச் சாவி ஒன்று அண்ணனிடம் எப்போதும் உண்டு.

அண்ணன் கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தவர். மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற எங்கள் கரையில் பரிசல் ஓட்டாத வீடு குறைவு. ஆனால் பாய் கட்டிய படகை யாரும் பார்த்ததில்லை. வேலையை விட்டு வந்த பிறகு அவரும் அண்ணியும் நிலக்கடலையும் கேவுருவும் போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். குழந்தை இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணி சிறுநீரகம் கெட்டு இறந்தாள். காரியம் முடிந்த மறுவாரமே அண்ணன் கோழிகளை யாருக்கோ கொடுத்தார். ஆடுகளைக் கொடுத்தார். டிவிஎஸ் வண்டியை எதிர்வீட்டுக்காரரிடம் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு நடந்து வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, பாரமா எதுவும் வேண்டாம் பாப்பா என்றார். ஐம்பது வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

இப்படி எல்லாவற்றையும் கொடுத்த மனுஷன் புதிதாக வாங்கிய ஒரே பொருள் அந்தப் படகு. கொச்சியில் எங்கோ கழித்துப் போட்டிருந்ததாம். லோடு ஏற்றப் போன என் வீட்டுக்காரர்தான் லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். தொப்பூர் கணவாயில் ஒவ்வொரு வளைவிலும் அது சரிந்துவிடுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பாய் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், அதனால் அது என்னிடம் வந்தது. கிழிசலை என் மிஷினில் போட்டு ஒட்டுத் துணி வைத்துத் தைத்தேன். தைத்து முடித்து நூலைக் கடித்தபோதுதான் கோழியும் ஆடும் வண்டியும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. இந்த ஆள் தண்ணீருக்குள் போனால் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவரிடம் கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். சாவியை ஒளித்து வைத்தால் வண்டி நகராது. கடையாணியைப் பிடுங்கினால் மாட்டு வண்டி நின்றுவிடும். படகைத் திருப்புவது பின்னால் மாட்டுகிற சுக்கான் என்று அவரே ஒருமுறை காட்டியிருந்தார். அதைக் கழற்றி வந்து சாக்கில் சுற்றிப் பரணில் போட்டேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

மறுநாள் ஞாயிறு. மார்கழி, அணை நிரம்பியிருந்தது. நான் கரைக்குப் போனபோது அண்ணன் பாயை ஏற்றிக்கொண்டிருந்தார். சுக்கான் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதை அவர் தேடவும் இல்லை, எங்கே என்று கேட்கவும் இல்லை. படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்குகிற நடுப்பலகையை மேலே தூக்கி வைத்து, தொடையளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து, கரையிலிருந்து தண்ணீரைப் பார்த்து வீசியது. பாய் சடசடத்தது. சுக்கான் இல்லாமல் எப்படிப் போவீங்க என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தார்.

“போறதுக்குச் சுக்கான் வேண்டாம் பாப்பா, காத்தே கொண்டுபோவும். திரும்பி வரத்தான் அது வேணும். நீ வூட்டுக்குப் போ.”

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. நானும் வரேன்ணா என்றேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு மூட்டையைப் போல உள்ளே போட்டார்.

கரை சிறுத்துக்கொண்டே போயிற்று. அணையின் நடுவுக்கு வந்தபின் நான் அழ ஆரம்பித்தேன், வெட்கமே இல்லாமல். அப்போதுதான் அவர் நடுப்பலகையை முழுக்க இறக்கினார். அழுவுறத அந்தப் பக்கம் ஒக்காந்து அழுவு என்றார். பாய் சாய்ந்திருக்கிற பக்கம் நகர்ந்தேன். அவர் கயிற்றை இழுத்துப் பாயை இறுக்க, படகின் மூக்கு மெல்லக் காற்றை நோக்கித் திரும்பியது. எதிர்ப்பக்கம் வரச் சொல்லிக் கயிற்றைத் தளர்த்தியதும் அது காற்றை விட்டு விலகியது. சுக்கான் செய்கிற வேலையை என் உடம்பும் அவர் கையிலிருந்த கயிறும் செய்தன. காற்றுக்கு எதிரே நேராக வர முடியாது என்று கோணல் மாணலாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி வந்தோம். போக ஆன நேரத்தைப் போல நாலு மடங்கு ஆனது. கரையில் இறங்கிச் சேலையைப் பிழிந்தேன். வர்ற ஞாயித்துக்கெழமயும் வரியா என்று கேட்டார். வரேன் என்றேன்.

இந்தப் பிரசவம் வரும்வரை, தண்ணீர் நிற்கிற மாதங்களில் ஒரு ஞாயிறு தவறவில்லை. தையல் டீச்சர் கப்பலோட்டப் போறாங்க என்று பரிசல்காரர்கள் கிண்டல் செய்தார்கள். உங்கண்ணனுக்கு நீ என்ன காவலா என்று வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். எனக்கும் எரிச்சல்தான். மகள் வீட்டுக்குப் போக முடியாது, ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாது. வெயில் காலத்தில் தண்ணீர் வடிந்து, படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும்போதுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஊரே மழைக்கு ஏங்கும்போது, இந்த வருஷம் அணை நிரம்பாமல் இருக்கட்டும் என்று ஒருத்தி வேண்டியிருக்கிறாள் என்றால் அது நான்தான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் செய்கிற காரியமா அது? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

போன வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. பரணிலிருந்து சுக்கானை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். நான்தான் எடுத்தேன், மன்னிச்சிக்கங்க, மாட்டிக்கங்க என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். அதன் துருப்பிடித்த கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தெரியும். அது அங்கயே கெடக்கட்டும் பாப்பா. மாட்டுனா நீ வர மாட்ட.”

அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இது பாசமாகத் தெரியலாம். எனக்குப் பயம்தான் கூடியது. தன்னைத் தனியாக விட அவருக்கே தைரியம் இல்லை என்றுதானே அதற்குப் பொருள்? சுக்கானை மறுபடி சாக்கில் சுற்றி ஏற்றினேன். பொம்மிடிக்குக் கிளம்பும்போதும், நான் வரும்வரை படகைத் தொடாதீங்க என்று சத்தியம் கேட்காத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது மணி பத்து. செல்போனைத் தண்ணீருக்கு எடுத்துப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படகு இல்லை. வெயில் ஏறும்போதே தனியாகக் கிளம்பிவிட்டார் என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த பரிசல்காரர் சொன்னார். காற்று கரையிலிருந்து தண்ணீரைப் பார்த்துத்தான் வீசுகிறது. நீர்ப்பரப்பில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடி ஸ்டூலில் ஏறினேன். மடித்த சாக்கில் உப்புத்தாள் தேய்த்த துருப்பொடி ஒட்டியிருந்தது. போவதற்கு முன்னால் அந்தக் கொக்கியைத் தேய்த்திருக்கிறார். சுக்கான் இன்னும் சாக்குக்குள்ளேயே இருந்திருந்தால் இந்நேரம் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். இறங்கி, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் அண்ணன் இன்று சுக்கானை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.