அண்ணா சாகாத ஒரு படம்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையான அண்ணாவை முருகன் தன் பக்கம் கூப்பிட்டு இன்றோடு முப்பத்தொரு நாள். நான் அதிகம் படித்தவள் அல்ல. மனதில் உள்ளதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து வேலணையில் பிறந்த அண்ணா, நாட்டுப் பிரச்சினையால் இளவயதிலேயே பாரிசுக்குப் போனார். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சாப்பிட வந்த நாடக நெறியாளர் ஒருவர் அவருடைய குரலைக் கேட்டு நடிக்கக் கூப்பிட்டார். பிரெஞ்சு வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்துப் பாடமாக்கினாராம். முதல் வேடத்துக்கு இரண்டே வரி. அதன் பிறகு முப்பது வருடம், மேடையிலும் படத்திலும் பிரெஞ்சுக்காரர் முன்னால் நின்றார். ஒருநாளும் பெருமை பேசியதில்லை.

ஆனால் படங்களில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாகிற வேடம். உயிரோடிருக்கிற அண்ணாவைச் சவப்பெட்டிக்குள் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு படமும் பார்க்கவில்லை. அவர் சாகிற படம் வரும்போதெல்லாம் இங்கே ரொறொன்ரோக் கோயிலில் அவருடைய பெயர் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்விப்பேன். ஒருமுறை ஐயர் கேட்டார்.

"அண்ணைக்கு உடம்புக்கு என்ன வருத்தமோ?"

"இல்லை ஐயா, செத்துப்போனார்."

ஐயர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "செத்தவருக்கு ஏனம்மா அர்ச்சனை?"

"படத்திலைதான் ஐயா."

இதைத் தொலைபேசியில் கேட்டு அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊர் பேர் தெரியாத சனமெல்லாம் நான் நடிக்கிறதைப் பாக்குது. என்ரை தங்கச்சி ஒருக்காலும் பாக்கேல்லை." நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சென்ற வருடம் நோயோடு மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வைத்தியர்கள் சொன்ன காலம் குறைவு. அந்த நேரம் அவருடைய கடைசிப் படம் ரொறொன்ரோவில் ஓடியது. அதில் அவர் நீதவான்.

"உண்மையா இதிலை சாகேல்லையோ?"

"இல்லையடி. மற்றவைக்குத் தீர்ப்புச் சொல்லுறன். வெளிக்கிடு."

திருநீறு பூசிக்கொண்டு போனேன். திரையில் அண்ணா நிமிர்ந்து இருந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கீழே ஓடிய ஆங்கிலமும் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்த அண்ணா, இருமலோடு ஒவ்வொரு வசனத்தையும் என் காதில் தமிழில் சொன்னார். முன்னாலிருந்த வெள்ளைக்கார அம்மா "உஷ்" என்று கோபமாகத் திரும்பினார். அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார்.

வெளியே வந்ததும், "அண்ணா, உங்களுக்கு நல்லா நடிக்கத் தெரியுது" என்றேன்.

"முப்பது வருசம் பிந்தின விமர்சனம்" என்று சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து, தேவாரம் கேட்டபடி அமைதியாகக் கண்மூடினார்.

வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிமாருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், பாரிசிலிருந்து ஓடிவந்து பெட்டியடியில் அழுத நாடக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படம் பார்க்க வந்த அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. இந்த நினைவு மலர் அவவின் கைக்குப் போகாது. ஆனாலும் நன்றி சொல்ல வேண்டும். அம்மா, நீங்கள் அண்ணாவைப் பேச விட்டீர்கள். அவர் நடிப்பதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டுத்தான் போனார்.